பழைய வால்வு ஆம்ப்ளிபயரா, புதியதா?

வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றைப் பழையதாக வாங்குவதா, புதியதாக வாங்குவதா என்று தயங்குகிறவர், முதலில் "வால்வுகள் நன்றாக இருக்கின்றனவா?" என்றுதான் கேட்பார். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வால்வு, விளக்கின் பல்பைப் போலத் தேய்ந்துபோகும் பொருள். தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பெயர்பெற்ற ஈ.எல்.34 வால்வு ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் தயாராகிறது.

அந்த வால்வுகளைக் கொண்ட ஓர் அமெரிக்கச் செட்டைப் பார்ப்போம். டைனகோ நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 அது. வாங்கியவரே வீட்டில் பற்றாசு வைத்துப் பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்பாகவும் விற்பனையாயிற்று. பக்கத்துக்கு இரண்டு வால்வுகள், 35 வாட் திறன். இதன் உண்மையான சொத்து மூன்று மின்மாற்றிகளே. இரும்பும் செம்பும் எளிதில் முதுமை அடைவதில்லை.

முதுமை முதலில் தாக்குவது மின்தேக்கிகளைத்தான். கடைக்காரர் கண்டென்ஸர் என்பார். மின்பகு திரவம் உள்ள வகையில் திரவம் வறண்டுபோகும். செட் வெகுநாள் சும்மா கிடந்தால் உள்ளே காப்பாக இருக்கும் ஆக்ஸைடுப் படலமும் நலிந்துவிடும். திடீரென்று முழு மின்னழுத்தம் கொடுத்தால் அது வெடிக்கவும் கூடும்.

சிறிய இணைப்பு மின்தேக்கி செய்யும் கேடு இன்னும் பெரிது. முந்திய வால்வின் நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலி அலையை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு விடுவது அதன் வேலை. கிரிட்டில் உள்ள எதிர்மின்னழுத்தமே வால்வுக்குக் கடிவாளம். மின்தேக்கி கசிந்தால் கடிவாளம் தளர்கிறது. மின்னோட்டம் கட்டுமீறி, வால்வின் தகடு செக்கச்செவேலென்று பழுக்கிறது. அப்படியே விட்டால் வெளியீட்டு மின்மாற்றியும் எரிந்துபோகும். சொத்தே போனபின் அந்தச் செட் எதற்கு?

இதைச் சோதிக்க ஸ்டீரியோ 70இல் நல்ல வழி இருக்கிறது. ஒரு பக்கத்து வால்வுகள் இரண்டின் மின்னோட்டமும் 15.6 ஓம் தடை ஒன்றின் வழியே செல்கிறது. அதன் குறுக்கே 1.56 வோல்ட் இருக்க வேண்டும். ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிஆம்பியர், அதாவது வால்வுக்கு 50. அரைமணி நேரம் ஓடவிட்டு அளந்து பார்க்க வேண்டும். அளவு ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிடுங்கள். அளக்கவே விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். "நேற்றுவரை பாடியது" என்பது சான்றாகாது.

புதிய செட்டில் மின்தேக்கிகள் இளமையானவை. 230 வோல்ட்டுக்கென்றே செய்ததும் கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற ஸ்டீரியோ 70க்கோ இங்கே இறக்கு மின்மாற்றி வேண்டும். ஆனால் மலிவான புதியவற்றின் அடித்தகட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளியீட்டு வால்வுகளின் செருகிகளை அச்சுச் சுற்றுப்பலகையிலேயே பொருத்தியிருந்தால், நாளடைவில் சூட்டினால் பலகை கருகும், பற்றாசு விரிசல் விடும்.

பற்றாசுக்கோல் பிடிக்கத் தெரியாதவருக்கு என் யோசனை புதியதே. தெரிந்தவர், மின்மாற்றிகள் பழுதில்லாத பழையதை, மின்தேக்கிகளை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டி வாங்கலாம். ஒன்று மட்டும்: உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தக்க தடை ஒன்றின் வழியே அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் கண்ட பிறகே கை வையுங்கள்.