அகதிகளின் மீள்வருகையும் உள்ளூர்ப் பொருளாதார மறுகட்டமைப்பும்: பொஸ்னியா தரும் படிப்பினை

ஆய்வுச் சுருக்கம்

இனப்போரால் இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்புவதற்கு இழந்த வீடும் நிலமும் மீளக் கிடைப்பது முதற்படியாகும். திரும்பியோர் அங்கே நிலைபெற வேண்டுமாயின் தொழிலும் சந்தையும் வேண்டும். 1995க்குப் பின் பொஸ்னியா-ஹெர்சகோவினாவில் நிகழ்ந்த மீள்வருகையைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அகதிகள், மீள்வருகை, சொத்துரிமை, வாழ்வாதாரம், கூட்டுறவு, பொஸ்னியா

முன்னுரை

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பொஸ்னியா-ஹெர்சகோவினாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 44 இலட்சம். 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரில் அவர்களுள் பாதிப்பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் அமைதி உடன்படிக்கையின் 7ஆம் இணைப்பு, அவர்கள் தத்தம் பழைய வீட்டிற்கே திரும்பவும் இழந்த உடைமையைப் பெறவும் உரிமையுடையவர்கள் என அறிவித்தது. தாய்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதிக்குத் திரும்பும் உரிமையைவிட இது விரிவானது. அவ்வுரிமை எந்த அளவிற்கு வாழ்வாக மாறியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. சொத்துரிமை மீட்பு

போர்க்காலத்தில் ஓரினத்தார் விட்டுச்சென்ற வீடுகளில் இடம்பெயர்ந்த பிற இனத்தார் குடியேறியிருந்தனர். 1999இல் சொத்துச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பொதுத்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் உரிமைக் கோரிக்கைகளுள் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை 2003 இறுதிக்குள் தீர்க்கப்பட்டன. திரும்பியோர் தொகை 10 இலட்சத்தைக் கடந்துவிட்டதாக ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் 2004இல் அறிவித்தது. அவர்களுள் ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர், தம்மினத்தார் சிறுபான்மையாகிவிட்ட பகுதிகளுக்குத் திரும்பியோர் ஆவர்.

ஆயினும், வீட்டைப் பெற்றோர் அனைவரும் அதில் வாழவில்லை. பலர் அதை விற்றனர். சிலர் வேறு ஊரிலுள்ள வீட்டிற்கு ஈடாக மாற்றிக்கொண்டனர். முதியோர் திரும்ப, இளையோர் வேலை கிடைத்த நகரங்களிலும் அயல்நாடுகளிலும் தங்கினர்.

2. மீளாத பணியிடங்கள்

யூகோஸ்லாவிய ஆட்சிக்காலத்தில் தொழிற்சாலைகள் சமூக உடைமையாக இருந்தன. ஊதியம் மட்டுமன்றிக் குடியிருப்பு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியனவும் பணியைச் சார்ந்தே அமைந்தன. எனவே பணியிழப்பு என்பது இவை அனைத்தின் இழப்பாயிற்று. வீட்டை மீட்கத் தனிச்சட்டமும் கண்காணிப்பும் இருந்தன. பணியை மீட்க அத்தகைய வலிமையான ஏற்பாடு அமையவில்லை. இயங்கிய ஆலைகளில் உள்ளூர்ப் பெரும்பான்மையினருக்கே வேலை கிடைப்பது வழக்கமாயிற்று. நாட்டின் இரு ஆட்சிப்பகுதிகளும் தனித்தனி ஓய்வூதிய, காப்பீட்டு நிதியங்களைக் கொண்டிருந்தமையால், எல்லை கடந்து ஊர் திரும்பியவர் மருத்துவ வசதியையும் இழக்க நேரிட்டது.

3. ஸ்ரெப்ரெனிட்சா வட்டாரம்

ஸ்ரெப்ரெனிட்சா ஈய-துத்தநாகச் சுரங்கத்தாலும் கனிம நீரூற்றாலும் அறியப்பட்ட ஊர். அருகிலுள்ள பொதோச்சாரியில் மின்கலத் தொழிற்சாலை இயங்கிவந்தது. 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் இங்கு இனப்படுகொலைக்கு உள்ளாயினர். எனவே திரும்பிவந்த குடும்பங்கள் பலவற்றின் தலைமை பெண்களிடம் இருந்தது. ஆண்களின் உழைப்பை நம்பியிருந்த சுரங்கப் பொருளாதாரம் அக்குடும்பங்களுக்கு வழிகாட்ட இயலாது.

அண்டை ஊரான பிராதுனாட்ஸில் 2003இல் தொடங்கப்பட்ட வேளாண் கூட்டுறவு மாற்றுவழி ஒன்றைக் காட்டியது. ‘ஒன்றாக’ எனப் பொருள்படும் ‘இன்சியேமே’ என்னும் இத்தாலியச் சொல்லைப் பெயராகக் கொண்ட அது, பொஸ்னியாக் குடும்பங்களையும் செர்பியக் குடும்பங்களையும் ராஸ்பெர்ரிப் பயிரில் இணைத்தது. அப்பயிருக்குச் சிறு நிலமே போதும். நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் தரும். அறுவடை கைகளால் நடைபெறும். ஆனால் பழம் விரைவில் கெட்டுவிடும். குளிர்பதனக் கிடங்கும் உறுதியான கொள்முதலும் இல்லையேல் விளைச்சல் வீணாகும். நாற்று வழங்குவதோடு நில்லாமல், பதப்படுத்தலையும் அயல்நாட்டு விற்பனையையும் கூட்டுறவே ஏற்றுக்கொண்டதில்தான் அதன் பயன் அடங்கியிருந்தது. ஒரே கிடங்கிற்குப் பழம் கொண்டுவரும் இரு இனத்தாருக்கும் அக்கிடங்கு இயங்குவது பொதுநலனாயிற்று.

இதன் எல்லையும் குறிப்பிடத்தக்கது. ஸ்ரெப்ரெனிட்சா நகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 1991இல் 36,666, 2013இல் 13,409. தனியொரு பயிர் ஒரு வட்டாரத்தின் முழுப் பொருளாதாரத்திற்கு ஈடாகாது.

4. பிர்ச்கோ

பன்னாட்டு நடுவர் தீர்ப்பின் வழியே 2000இல் உருவான பிர்ச்கோ தன்னாட்சி மாவட்டம் இரு ஆட்சிப்பகுதிகளுக்கும் உட்படாதது. நிர்வாகம், காவல்துறை, நீதிமன்றம் ஆகியவற்றில் மூவினத்தாரும் பணியமர்த்தப்பட்டனர். திரும்பி வந்தவருக்கு அரசுப்பணி எட்டக்கூடியதாயிற்று. போர் முடிந்த உடனேயே நெடுஞ்சாலையோரம் தோன்றிய ‘அரிசோனா’ சந்தையில் மூவினத்தாரும் வணிகம் செய்தனர். அச்சந்தை கடத்தலுக்கும் ஆட்கடத்தலுக்கும் இடமளித்ததால் பின்னர் ஒழுங்குபடுத்தப்பட்டது. சந்தை மக்களைக் கூட்டும்; அவர்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

பொஸ்னியாவில் வீட்டுரிமை பெரிதும் மீட்கப்பட்டது. வாழ்வாதாரம் அவ்வளவில் மீளவில்லை. பாகுபாடற்ற பணியமர்த்தம், எல்லை கடந்தும் செல்லுபடியாகும் சமூகக் காப்பீடு, விளைபொருளுக்கு உறுதியான கொள்முதல் ஆகிய மூன்றும் வீட்டுச் சாவியோடு சேர்த்து வழங்கப்பட வேண்டியவை. இவை பிற்பட்டு வந்தால், திரும்பியோர் முதியோராகவும் மீண்ட வீடுகள் கோடைக்கால இல்லங்களாகவும் எஞ்சும். திரும்பும் உரிமையின் நிறைவை, சாவி பெற்றோரின் எண்ணிக்கையைவிட, பத்தாண்டு கடந்தும் அவ்வூரில் பிழைப்போரின் எண்ணிக்கையே உணர்த்தும்.