பன்றியின் இருமலும் படத்தின் வில்லனும்

கெர்லிங் வட்டாரம் உள்ளிட்ட வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களில் தமிழர் வாழ்வுக்கு இரண்டு துணைகள் இருந்தன: திடலில் திரை கட்டிக் காட்டப்பட்ட படம் ஒன்று, லயத்துக்குப் பின்னால் கட்டிய மாடு மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் கால்நடை மருத்துவர் ஒருவரே எனலாம். கொள்ளைநோயைப் பற்றிய படத்தை அவர் காண நேர்ந்தால், அவர் கண் கதாநாயகன்மேல் செல்லாது. மூலையில் நிற்கும் நாயின்மேல் செல்லும். அது தீனி தின்றதா, அதற்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதே அவர் கவலை. நகைப்புக்குரிய பழக்கந்தான். எனினும் பொதுச் சுகாதாரத்தின் பெரும்பாடம் ஒன்று அதில் அடங்கியிருக்கிறது.

2011ஆம் ஆண்டில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று, ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய 'ஏழாம் அறிவு'. அயல்நாட்டிலிருந்து வந்த வில்லன் நாய் ஒன்றின் உடலில் கிருமியைச் செலுத்துகிறான், நோய் பரவுகிறது. மற்றொன்று, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ஆங்கிலப் படமான 'கண்டேஜியன்'. அதில் கிருமியைப் பரப்பிய வில்லன் இல்லை. மரங்கள் சாய்க்கப்படுகின்றன, இடம்பெயர்ந்த வௌவாலின் வாயிலிருந்து வாழைப்பழத் துண்டொன்று பன்றிப்பட்டியில் விழுகிறது, பன்றி அதைத் தின்கிறது, அப்பன்றியைச் சமைக்க எடுத்தவர் கை கழுவாமல் ஒரு பெண்ணின் கையைக் குலுக்குகிறார். அவ்வளவே. கால்நடை மருத்துவர் கைதட்டுவது இதற்குத்தான். அக்கதைக் கிருமிக்கு முன்மாதிரியாக அமைந்தது, மலேசியாவில் முதன்முதல் கண்டறியப்பட்ட 'நிப்பா'.

1998 செப்டம்பர் இறுதியில், பேரா மாநிலத்தின் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளைச் சேர்ந்தோர் காய்ச்சலுற்று, நினைவிழந்து, மாண்டனர். உடனே ஜப்பானிய மூளைக்காய்ச்சலின்மேல் ஐயம் விழுந்தது. அந்நோயைப் பரப்புவது கொசு. ஆகவே கொசுவுக்குப் புகை அடித்தனர். மக்களுக்குத் தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சான்றுகள் கண்முன்னே கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும். இங்கோ பன்றிகளைக் கையாண்ட வளர்ந்த ஆடவரே மிகுதியாக வீழ்ந்தனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் தப்பவில்லை. பண்ணைக்கு அருகில் வாழ்ந்தும் பன்றியைத் தொடாதவர்கள் பெரும்பாலும் தப்பினர். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை அல்லவா? எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்ட பன்றி, சினை கலைவது தவிர, பொதுவாக வேறு குறி காட்டாது. இவையோ உரக்க இருமின. நெடுந்தொலைவு கேட்டதால் அதற்கு 'ஒரு மைல் இருமல்' என்றே பெயர் ஏற்பட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நிப்பாவுக்கு மணியோசை அந்த இருமலே.

அந்த ஓசையை ஏன் பொருட்படுத்தவில்லை? இருமிய பன்றிகளுள் இறந்தவை சிலவே. ஆதலின் அச்சம் எழவில்லை; விற்பனை நடந்தது. விற்ற பன்றியோடு கிருமியும் தெற்கே நெகிரி செம்பிலானுக்குச் சென்றது. புக்கிட் பெலாண்டோக்கில் நோய் பெருந்தீயாய் மூண்டது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா சிற்றூரைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். ஊரின் பெயரே கிருமிக்கும் ஆயிற்று. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் நோய் கண்டோர் 265 பேர். மாண்டோர் 105 பேர். பழந்தின்னி வௌவாலே இக்கிருமியின் இயற்கை உறைவிடம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பட்டியருகே பழமரம், மரத்தில் வௌவால், கீழே கடித்துப் போட்ட பழம். ஊசியோடு எவனும் வரவில்லை.

வில்லனைத் தேடும் கண்ணுக்கு இருமல் கேட்பதில்லை. இதுவே இவ்வரலாறு தரும் படிப்பினை. இது பன்றிப் பண்ணைக்கு மட்டும் உரியதன்று. பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நின்றாலும், ஆடு மாடு வளர்ப்போர் இருக்கவே செய்கின்றனர். ஏழைக்கு மாடு என்பது சேமிப்புப் பெட்டி. அது நோயுற்றால் வெளியே சொல்ல அவன் அஞ்சுவான். உள்ள விலைக்குத் தள்ளிவிட எண்ணுவான். அந்த அச்சத்தை ஏளனம் செய்வதால் பயனில்லை. சொன்னவன் நட்டமடையாமல் காப்பது அரசின் கடமை. கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவிப்பது வளர்ப்பவன் கடமை.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. படம் பார்த்துவிட்டு வரும் மாணவன் வில்லன் பெயரைச் சொல்வான். 'மனிதனுக்கு முன்னே நோயுற்றது எது?' என்று அவனை ஒரு கேள்வி கேட்டால் போதும். அக்கேள்விக்கு விடை தேடப் பழகிய பிள்ளை, வீட்டு ஆடு இருமும்போதும் திரும்பிப் பார்க்கும்.