பெயர் என்னும் பாதுகாப்பு

சிவகிரியில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே பார்த்தால் மலைமுகட்டில் மேகம் திரண்டிருக்கும். மலைக்கு அப்பால் கேரளம் நனைந்துகொண்டிருக்கும். எங்களுக்கு வந்து சேருவது காற்றும் சாரலும்தான். எங்கள் கண்மாய்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். மலை ஒன்றுதான் என்றாலும் அதன் இரு சரிவுகளுக்கும் மழைக்காலம் வேறு. இந்த வேறுபாடு ஒரு தவளை இனத்தையே இரண்டாகப் பிரித்திருக்கிறது என்பதை அண்மையில் படித்தறிந்தபோது வியப்படைந்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளையை 2003-ஆம் ஆண்டு எஸ்.டி. பிஜு, பிராங்கி போசுயட் ஆகியோர் 'நேச்சர்' இதழில் அறிமுகப்படுத்தினர். இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்கள் மட்டுமே இது வெளியே வருகிறது. அதனால் கேரளத்தில் இதற்கு மகாபலித் தவளை என்றும் ஒரு பெயர் உண்டு.

2017-இல், ஐதராபாதில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களான ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்டோர், கிழக்குச் சரிவில் வாழும் ஊதாத் தவளை தனி இனம் என்று அறிவித்தனர். அது கண்டறியப்பட்ட இடம், எங்களுக்கு வடக்கே ராஜபாளையத்தைத் தாண்டினால் வரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி. உடலமைப்பு, குரல், மரபணு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையையும், கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவமழையையும் ஒட்டி இனப்பெருக்கம் செய்கின்றன. கூடும் காலம் வேறானால் கலப்பு நிகழாது. கலப்பு நிகழாவிடில் காலப்போக்கில் இனமே வேறாகிவிடும்.

புதிய இனத்துக்கு 'நாசிகபட்ராகஸ் பூபதி' என்று பெயரிட்டனர். கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் சு. பூபதி, 2014-இல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது உயிரிழந்தவர். அவருடைய நினைவாகவே இப்பெயர்.

ஒரு தவளைக்குப் பெயர் சூட்டுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். சட்டமும் அழிவபாயப் பட்டியலும் உயிரினங்களைப் பெயரால்தான் அறிகின்றன. 2017-க்கு முன் கிழக்குச் சரிவின் தவளை அடியோடு அழிந்திருந்தால், மேற்கே அதே பெயரில் ஒன்று இருப்பதால், பேரேட்டில் இழப்பே பதிவாகியிருக்காது.

தவளைகளின் உறவினமான, பல்லி போன்ற தோற்றமுடைய சாலமாண்டர்களின் கதையும் இதுவே. டார்ஜிலிங் மலைக்குட்டைகளில் வாழும் சாலமாண்டர், சீனத்தின் யுன்னான் பகுதியைச் சேர்ந்த இனத்தின் பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையிலும் அந்தப் பழைய பெயரே இடம்பெற்றிருந்தது. 2015-இல்தான் கிழக்கு இமயமலையின் சாலமாண்டர் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அந்த ஆய்விலும் கார்த்திகேயன் வாசுதேவனுக்குப் பங்குண்டு.

2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, நீர்நில வாழ்வன இனங்களில் சுமார் 41 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன. சாலமாண்டர்களில் ஐந்தில் மூன்று அந்நிலையில் உள்ளன. எனவே வகைப்பாட்டியல், அருங்காட்சியகத்துக்குள் அடங்கும் பழைய படிப்பன்று; காலத்தோடு போட்டியிடும் பணி. ஆனால், நம் கல்லூரிகளில் அதைக் கற்கவும் கற்பிக்கவும் முன்வருவோர் குறைந்துவருகின்றனர்.

ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் ஓடையின் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மழை நின்றதும் ஓடை வறண்டால், நீர் வேறுபக்கம் திருப்பப்பட்டால், ஒரு தலைமுறையே அங்கு முடிந்துவிடும். சிவகிரி மலையின் ஓடைகளையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முறையாக ஆய்வு செய்ய வேண்டும். வனத்துறையும் அருகிலுள்ள பல்கலைக்கழகங்களும் இணைந்தால் இது இயலாததன்று. நம் மலையில் என்னென்ன வாழ்கின்றன என்பதை, அவை இருக்கும்போதே நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?