முதற் காட்சிக்கு எந்த இசை?

சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கை மகன் மடிக்கணினியும் கையுமாக வந்து நின்றான். காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவன். தேர்வுக்கென ஒன்பது நிமிடப் படம் ஒன்றை எடுத்திருந்தான். தூத்துக்குடி உப்பளத்தில் தலைச்சுமை சுமக்கும் ஒரு தாயைப் பற்றியது. “எல்லாம் முடிந்தது மாமா, தொடக்கக் காட்சிக்கு இசைதான் அமையவில்லை” என்றான்.

விடியுமுன் வரப்பின்மேல் ஒரு கைவிளக்கு நகர்ந்து வருகிறது. பாத்திகள் மெல்ல வெளுக்கின்றன. பலகை உப்பை வாருகிறது. நாற்பது நொடிகள். அவற்றின்மேல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஏற்றி வைத்திருந்தான்! பெரும்படை ஒன்று போருக்குப் புறப்படுவதுபோல் இருந்தது. பாவம், வந்தவளோ ஒற்றைப் பெண்.

படத்தைத் தொகுக்கும்போது ஏதேனும் ஓர் இசையைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது திரைத்துறை வழக்கம். கேட்கக் கேட்கச் செவி அதற்கே பழகிவிடும். பிறகு வேறெதுவும் பொருந்தாது. பெரியோரும் இதற்கு விலக்கல்லர். ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்திற்காக ஸ்டான்லி கூப்ரிக், அலெக்ஸ் நார்த் என்பாரை இசையமைக்கச் செய்தார், முடிவிலோ தொகுப்பின்போது வைத்திருந்த பழைய இசையையே நிலைநிறுத்திவிட்டார். தம் இசை நீக்கப்பட்டதை நார்த் அறிந்தது, 1968-இல் அப்படம் முதன்முறை திரையிடப்பட்டபோதுதான். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! எனினும் அப்படத் தொடக்கத்தில் திரையில் எழுபவை கோளும் கதிரவனும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-இல் இயற்றிய பேரிசையைத் தாங்கும் அகலம் அக்காட்சிக்கு உண்டு. உப்பளத்துக் கைவிளக்குக்கு அது ஏது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. பீத்தோவன் 1827-இல் மறைந்தவர். அவர் இயற்றிய இசையை எவரும் வாசிக்கலாம். ஆனால் அதை ஓர் இசைக்குழு வாசித்துப் பதிவுசெய்த ஒலித்தட்டு வேறு சொத்து. நம் நாட்டுச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. இசைவு பெறாமல் எடுத்தாண்டால் படவிழாக்கள் வாசலிலேயே திருப்பியனுப்பக் கூடும். ஓராண்டு உழைப்பு ஒரு பாட்டால் பெட்டிக்குள் முடங்குவது கொடுமையன்றோ?

“முதலில் இசையை நிறுத்து” என்றேன். ஊமைக் காட்சியாகவே இருமுறை பார்த்தோம். அப்போதுதான், களத்தில் பதிவுசெய்த ஒலி தனியே கிடப்பது அவன் நினைவுக்கு வந்தது. அதைச் சேர்த்தான். காற்று, தொலைவில் நீர் இறைக்கும் மோட்டார், ஈர உப்பின்மேல் பலகை உரசும் ஓசை. அறையில் சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. காபி கொணர்ந்த தமக்கையும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

இசையே வேண்டா என்பது என் கட்சி. அவன் இணங்கவில்லை. உடன் பயிலும் மாணவன் ஒருவனை வாசிக்கச் சொல்லி, அத்தாயின் முகம் முதன்முதல் தெரியும் இடத்தில் பத்து நொடிகள் மட்டும் புல்லாங்குழலைச் சேர்த்தான். தேர்வுக்கு அவ்வாறே அனுப்பியும் விட்டான். அந்தப் பத்து நொடிகளைப் பற்றிய எங்கள் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.