கழிவுநீரிலிருந்து மீத்தேன்: எந்த நீர் பயன் தரும்?

ஈரமும் உயிர்ப்பொருளும் சேர்ந்திருக்கும் இடத்தில் பிராணவாயு புகாதபோது அங்கு மீத்தேன் வாயு தோன்றுவது இயற்கை. 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி அலெஸாந்த்ரோ வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கலத்திற் பிடித்து, அவ்வாயு எரியும் தன்மையது என்று கண்டார். நமது நாட்டில் 1897-ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில், கழிவிலிருந்து கிடைத்த வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது. சாண எரிவாயுக் கலன்கள் கிராமங்களிற் பரவியது அதற்குப் பின்னரே. இன்று ஆலைகளின் கழிவுநீரும், நகரக் குப்பைமேடுகளின் அடியிலிருந்து வடியும் கசிவுநீரும் இம்முறைக்குரிய மூலப்பொருள்களாகக் கருதப்படுகின்றன. ஆயினும், கறுத்து நாறும் நீர் அனைத்தும் ஒரே அளவில் வாயு தருவதில்லை. கலன் கட்டுவதற்கு முன்னரே நீரைச் சோதித்தறிவது ஏன் இன்றியமையாதது என்பதை இங்கு விளக்குவோம்.

செரிப்பு நிகழும் முறை

பிராணவாயு இல்லாச் செரிப்பு நான்கு படிகளில் நடைபெறுகிறது. முதற்படியில் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை நீரிற் கரையும் எளிய பொருள்களாக உடைகின்றன. இரண்டாம் படியில் அவை பலவகை அமிலங்களாக மாறுகின்றன. மூன்றாம் படியில் அவ்வமிலங்களிலிருந்து அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் கரியமிலவாயுவும் உண்டாகின்றன. இறுதிப் படியில் மீத்தேன் நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு மீத்தேனை வெளியிடுகின்றன. இந்நுண்ணுயிர்கள் சாதாரண பாக்டீரியாக்களினின்று வேறான தனி இனத்தைச் சேர்ந்தவை என்பதை அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் 1977-ஆம் ஆண்டில் நிறுவினார்.

அமிலம் உண்டாக்கும் உயிர்கள் விரைவாகப் பெருகும்; மீத்தேன் உயிர்களோ மெதுவாகவே பெருகும். முன்னவை ஆக்கும் அமிலத்தைப் பின்னவை உடனுக்குடன் உண்டு தீர்த்தால்தான் கலம் நலமாக இயங்கும். அளவுக்கு மீறிக் கழிவை ஊட்டினால் அமிலம் தேங்கும், கலம் புளித்துப்போகும், வாயு நின்றுவிடும். கலத்தின் வெப்பநிலை 35 பாகை செல்சியஸை ஒட்டியும், பி.எச். மதிப்பு 6.8-க்கும் 7.4-க்கும் இடையிலும் இருப்பது நலம்.

வாயுவின் அளவைக் கணித்தல்

கழிவுநீரின் வலிமையை அளக்க ரசாயனப் பிராணவாயுத் தேவை என்னும் அளவு உதவுகிறது. நீரிலுள்ள உயிர்ப்பொருள் முழுவதையும் ரசாயன முறையில் எரித்துத் தீர்க்க வேண்டிய பிராணவாயுவின் எடையே அது. இத்தேவையில் 1 கிலோ செரித்து நீங்கினால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். இதனினும் மிகுதியாகக் கிடைக்குமென்று எவரேனும் கூறினால் அக்கணக்கை ஐயுறுதல் வேண்டும்.

சர்க்கரை ஆலையின் மொலாசஸைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிக்கும் வடிசாலையை எடுத்துக்கொள்வோம். அதன் கழிவுநீரில் ரசாயனப் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 1,00,000 மில்லிகிராம் அளவில் இருப்பதுண்டு. அதாவது கனமீட்டருக்கு 100 கிலோ. நாள்தோறும் 500 கனமீட்டர் நீர் வந்து, அத்தேவையில் 65 விழுக்காடு நீங்குமாயின், 32,500 கிலோ செரிகிறது. ஏறத்தாழ 11,400 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கிறது. வடிசாலைகள் பல இவ்வாயுவைக் கொதிகலனில் எரித்து எரிபொருட் செலவைக் குறைப்பதன் காரணம் இதுவே.

கசிவுநீரின் வயது

குப்பைக் கிடங்கின் கசிவுநீர் இத்தகைய உறுதியான மூலப்பொருளன்று. அதன் தன்மை குப்பையின் வயதைப் பொறுத்தது. புதிய குப்பையினூடே வடியும் நீரில் அமிலங்கள் மிகுந்திருக்கும். அவை எளிதிற் செரிக்கும். குப்பை பழையதாகும்போது, அவ்வமிலங்களைக் கிடங்கினுள்ளேயே வாழும் மீத்தேன் உயிர்கள் உண்டுவிடுகின்றன. எஞ்சி வடிவது செரிக்க இயலாத பழுப்புநிறப் பொருள்களும் அமோனியாவுமே.

இவ்வேறுபாட்டை அறிய எளிய வழி உண்டு. உயிர்ரசாயனப் பிராணவாயுத் தேவையை ரசாயனப் பிராணவாயுத் தேவையால் வகுக்க வேண்டும். ஈவு 0.5-க்கு மேற்பட்டால் நீர் இளையது; 0.1-க்குக் கீழ்ப்பட்டால் முதிர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நாளொன்றுக்கு 100 கனமீட்டர் இளங்கசிவுநீர் வருகிறது எனவும், அதன் ரசாயனப் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 20,000 மில்லிகிராம் எனவும், 80 விழுக்காடு நீங்கும் எனவும் கொண்டால், 560 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். வெப்ப அளவில் இது ஏறத்தாழ 30 வீட்டு எரிவாயு உருளைகளுக்கு ஈடாகும். அதே அளவு முதிர்ந்த நீரில் தேவை 3,000 மில்லிகிராம் மட்டுமே இருந்து, 20 விழுக்காடே நீங்கினால், கிடைப்பது 21 கனமீட்டர். அதாவது ஓர் உருளைக்குச் சற்று மேல். கலத்தின் கட்டுமானச் செலவோ இருவகை நீருக்கும் பெரிதும் வேறுபடாது.

ஆகவே பழைய குப்பைமேட்டைப் பொறுத்தவரை, மீத்தேனைக் கசிவுநீரில் தேடாமல் மேட்டினுள்ளேயே குழாய்க் கிணறுகள் இறக்கிச் சேகரிப்பது பொருத்தமாகும். அதனைக் காற்றிற் கலக்கவிடுதல் தீங்கு. எடைக்கு எடை ஒப்பிட்டால், 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியின் வெப்பத்தை உயர்த்த வல்லது.

கந்தகத்தின் குறுக்கீடு

நீரில் சல்பேட் உப்பு மிகுந்தால் வேறொரு நுண்ணுயிரினம் மீத்தேன் உயிர்களுடன் உணவுக்குப் போட்டியிடும். 1 கிலோ சல்பேட்டை மாற்ற 0.67 கிலோ பிராணவாயுத் தேவைக்கு ஈடான உணவு செலவாகும். மீத்தேனுக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். வடிசாலை நீரிலும் தோல் ஆலை நீரிலும் இத்தொல்லை உண்டு.

கங்கைச் செயல்திட்டத்தின் கீழ் நெதர்லாந்து நாட்டின் ஒத்துழைப்புடன் கான்பூர் ஜாஜ்மௌவில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கொள்ளும் சோதனை நிலையம் 1989-ஆம் ஆண்டிலும், 3.6 கோடி லிட்டர் கொள்ளும் நிலையம் 1994-ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. பின்னதில் தோல் ஆலைக் கழிவுநீர் ஒரு பங்குக்கு நகரச் சாக்கடை நீர் மூன்று பங்கு சேர்க்கத் திட்டமிட்டது, உப்பின் கடுமையைத் தணித்துச் செரிப்பு நடைபெறச் செய்வதற்கே.

இவ்விரு நிலையங்களிலும் கையாண்ட மேல்நோக்கு வண்டல் படுகை முறையை 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் காட்சே லெட்டிங்காவும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். கழிவுநீர் கலத்தின் அடியில் நுழைந்து, நுண்ணுயிர் செறிந்த வண்டலினூடே மெல்ல மேலேறும். உச்சியிலுள்ள கவிகை வாயுவைப் பிரித்தெடுக்க, வண்டல் மீண்டும் கீழே படியும்.

கள அலுவலர் கவனத்திற்கு

1. எளிதில் ஆவியாகும் அமிலங்களின் அளவைக் காரத்தன்மையால் வகுத்து வரும் ஈவை நாள்தோறும் குறித்து வருக. அது 0.4-ஐத் தாண்டி உயர்ந்தால் ஊட்டத்தைக் குறைக்க வேண்டும். பி.எச். மதிப்பு வீழ்வது காலங்கடந்த எச்சரிக்கையே.

2. செரித்து வெளிவரும் நீர் தூயநீரன்று. அமோனியாவும் நிறமும் அதில் எஞ்சும். காற்றூட்டல் முதலிய அடுத்தகட்டச் சுத்திகரிப்பின்றி அதனை ஆற்றிலோ வயலிலோ விடலாகாது.

3. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்தால் அது வெடிக்கக்கூடும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றினும் கனமானது, குழிகளில் தேங்கும். அதன் செறிவு மிகும்போது மூக்கு மரத்து மணமே தெரியாது. நாற்றமில்லை என்பதை நம்பி எவரையும் தொட்டியினுள் இறக்குதல் கூடாது.

ஆசிரியர் கவனத்திற்கு

இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் சமஅளவு சாணக் கரைசலை நிரப்பி, ஒன்றில் மட்டும் சர்க்கரையை மிகுதியாகச் சேர்த்து, இரண்டின் வாயிலும் பலூனைக் கட்டி நிழலில் வைக்கலாம். சர்க்கரையிட்ட புட்டியின் பலூன் முதலில் விரைந்து உப்பும். அதிலுள்ளது பெரும்பாலும் கரியமிலவாயுவே. சில நாட்களுக்குப் பின் லிட்மஸ் தாளால் சோதித்தால் அக்கரைசல் புளித்திருப்பது தெரியவரும். மற்றது மெதுவாகவே வாயு தரும்; பல நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். புட்டிகளை இறுக மூடுதலும் வாயுவைக் கொளுத்திப் பார்த்தலும் கூடா. விரைந்து உப்பிய பலூனில் எரிவாயு இல்லை என்பதை மாணவர்கள் கண்டுணர்ந்தால், கழிவின் தன்மையை அளந்தறிந்த பின்னரே கலம் அமைக்க வேண்டும் என்ற விதி அவர்கள் மனத்திற் பதியும்.