வேலூரில் அடைபட்ட இளவரசர்கள்

சிறுசேரி சிப்காட்டில் எங்கள் டீமுக்கு ஜெர்மன் கிளையன்ட். கேன்டீனில் அந்நாட்டு இளவரசர்கள் கதை தாராளமாக ஓடும். நான் வேலூரைச் சொல்வேன்.

திப்பு சுல்தானின் மகன்கள் அப்துல் காலிக், முயிசுதீன். போரில் தோற்ற திப்பு 1792இல் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கைப்படி பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்கள். நஷ்டஈட்டை அடைத்த பிறகுதான், 1794இல், அப்பாவிடம் திரும்பினார்கள். பிள்ளைகளை ஈடாக வாங்கியதைக் கருணையாகக் காட்டி வெள்ளைக்காரர்கள் ஓவியம் வேறு தீட்டிக்கொண்டார்கள்!

1799இல் திப்பு வீழ்ந்ததும் குடும்பமே வேலூர்க் கோட்டைக்குள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியில் இன்னொரு மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள்; சில மணி நேர ராஜ்யம். பிறகு கல்கத்தாவுக்கு நாடு கடத்தல். கடைக்குட்டி குலாம் முகமது 1842இல் அங்கே தர்மதலாவில் கட்டிய மசூதி இன்றும் இருக்கிறது. கொல்கத்தா போனால் எட்டிப் பாருங்கள்.