நெய்யாற்றுக் கழிமுகத்தில் மீன்களின் உறைவிடம்

அகத்தியர் மலையிற் பிறந்து மேற்கு நோக்கி இறங்கும் நெய்யாறு, சுமார் 56 கிலோமீட்டர் தொலைவு ஓடி, நெய்யாற்றின்கரை நகரைக் கடந்து, பூவாற்றில் அரபிக்கடலை அடைகின்றது. அதன் தெற்கே பாறசாலையும் அதனைச் சூழ்ந்த எல்லைப்புறக் கிராமங்களும் உள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இவ்வாறு கோடு கிழிக்கப்பட்டபோதிலும், தமிழும் மலையாளமும் இங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. மீனுக்கோ எந்த எல்லையும் இல்லை. ஆறு, குளம், ஏலா, காயல், பொழி என்னும் ஐந்தும் அதற்கு ஒரே வீட்டின் ஐந்து அறைகளைப் போன்றவை.

மீன்வளப் பாதுகாப்புப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளனுக்கு ஒருமுறை வாய்த்தது. அதில் அடிக்கடி வரும் 'ஹாபிடாட்' என்னும் சொல்லுக்கு 'வாழிடம்' என்று எழுதி, பிறகு அடித்து, 'உறைவிடம்' என்று எழுதினேன். இரண்டும் பிழையன்று. ஆயினும், ஒரு மீன் முட்டையிடுவதற்கு வேண்டும் குச்சி, குஞ்சு ஒளிவதற்கு வேண்டும் வேர், பெருமீன் மேய்வதற்கு வேண்டும் சேறு, கடலுக்குப் போய்வர வேண்டும் வாய் ஆகிய எல்லாம் அடங்கியதே அச்சொல் என்பதை அகராதி எனக்குச் சொல்லவில்லை. பூவாற்றுக் கழியிற் கழித்த ஒரு விடியற்காலைதான் சொல்லிற்று.

அன்று என்னை அழைத்துச் சென்றவர் மேற்பார்வையாளர் ஒருவர். உரிமமின்றி இடப்பட்ட படல் ஒன்றை அகற்றுவது அவருடைய அன்றைய வேலை. படல் என்பது யாதெனில், ஆழமற்ற நீரில் மரக்கிளைகளையும் தழைகளையும் நெருக்கமாக ஊன்றி விடுவர். நிழலையும் பாசியையும் நாடி மீன்கள் அதனுள் வந்து தங்கும். சில நாள் கழித்துச் சுற்றிலும் வலை கட்டி, கிளைகளைப் பிடுங்கி எறிந்து, உள்ளே உள்ள சிறியதும் பெரியதும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வர். அடைக்கலம் கொடுப்பதுபோற் காட்டி அழிப்பதாதலின் மீன் இலாகாக்கள் இதனைக் கண்டிக்கின்றன.

மேற்பார்வையாளர் வலையை முதலில் அவிழ்த்தெடுக்கச் செய்தார். பிறகு கிளைகளைப் பிடுங்க ஆட்கள் இறங்கினர். அப்பொழுது கரையில் நின்ற ஒரு முதிய மீனவர், "சாரே, கம்பெப் பிடுங்காதீங்க. கரிமீனு முட்டெ வச்சிருக்கு. தள்ளெயும் தந்தெயும் காவல் நிக்கிது பாருங்க" என்றார். பார்த்தோம். நீரில் மூழ்கிய ஒரு கிளையின் அடிப்புறத்தில் கடுகை அடுக்கி ஒட்டியது போன்ற ஒரு திட்டு இருந்தது. அதன் இரு பக்கத்திலும் உள்ளங்கையளவு இரண்டு மீன்கள் செவிள்ச் சிறகால் நீரை வீசிக்கொண்டு நின்றன.

இனி அவர் செய்யவேண்டுவது யாது? ஆணைப்படி படலை அகற்றினால், அந்தப் பருவத்து முட்டைகள் சேற்றில் விழும். அகற்றாவிடில், வலை மீண்டும் வரும். இவ்விரண்டினிடையே ஒருவர் தனியாக, முழங்கால் நீரில் நின்றுகொண்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. மேற்பார்வை என்னும் சொல்லுக்குரிய பொருள் பெரும்பாலும் இத்தகைய கணங்களில்தான் இருக்கின்றது என்று எனக்குத் தோன்றியது.

அவருடைய முடிவைக் கூறுமுன் கரிமீனைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். எட்ரோபிளஸ் சுரட்டென்ஸிஸ் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இம்மீன் இந்தியாவின் தென்பகுதிக்கும் இலங்கைக்கும் உரியது. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ வல்லது. 2010-ஆம் ஆண்டில் கேரள அரசாங்கம் இதனை மாநில மீனாக அறிவித்தது. கெண்டை இனங்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றை வெள்ளத்தில் விட்டு அகன்றுவிடும். கரிமீன் அவ்வாறன்று. சில நூறு முதல் சில ஆயிரம் முட்டைகளையே இடும். ஆணும் பெண்ணுமாகக் கல், கிளை, தென்னை மட்டை முதலிய உறுதியான பொருளைத் தேர்ந்து, வாயாலே துப்புரவு செய்து, அதில் ஒவ்வொன்றாக ஒட்டும். ஏறத்தாழ நான்கு நாளிற் குஞ்சு பொரிக்கும். அதற்குள் அடிமண்ணில் சிறு குழிகள் தோண்டி வைத்து, பொரித்த குஞ்சுகளை அக்குழிகளுக்கு மாற்றி, பிறகும் பல நாள் கூட்டமாக மேய்த்துக் காக்கும். எனவே கரிமீனுக்கு நீர் மட்டும் இருந்தாற் போதாது. ஒட்டுவதற்கு ஓர் உறுதியான பொருளும், கண்ணுக்குத் தெரியும் தெளிநீரும், குழி தோண்டத் தக்க கலங்காத தரையும் வேண்டும். கரைக்குக் கல் கட்டி, புதரை வெட்டி, அடியை ஒரே சமமாகத் தூர்வாரி 'அழகுபடுத்திய' நீர்நிலையில் இம்மூன்றும் இரா. தூர்வாரும் பொறியாளர்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மீன் அறிந்தவர் ஒருவர் அவர்கள் அருகில் நிற்க வேண்டும் என்பதே கருத்து.

மேற்பார்வையாளர் கிளைகளை விட்டுவிட்டார். வலையை மட்டும் கைப்பற்றினார். நான்கு மூலைகளிலும் மூங்கிற் கழி ஊன்றி, அதிற் சிவப்புத் துணி கட்டி, இங்கே ஒரு மாதம் வலை வீசலாகாது என்று கரையிலிருந்தோரிடம் அறிவித்தார். காவலுக்கு அம்முதியவரையே கேட்டுக்கொண்டார். பிறகு படிவத்தை எடுத்தார். அதில் 'அகற்றப்பட்டது', 'அகற்றப்படவில்லை' என்னும் இரண்டு பத்திகளே இருந்தன. சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்து, இரண்டையும் விடுத்து, ஓரத்தில் நான்கு வரி எழுதினார். அந்த நான்கு வரியே அன்றைய அறிக்கையின் பயனுள்ள பகுதி என்று நான் கருதுகிறேன்.

அவர் செய்தது புதுமையன்று. வேம்பநாட்டுக் காயலில் 'ஏட்ரீ' என்னும் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களோடு சேர்ந்து, மூங்கிற் கழிகளால் சிறு பரப்புகளை வளைத்து, உள்ளே கிளைகளை இட்டு, மீன் தாவளங்களை அமைத்தது. படலுக்கும் தாவளத்துக்கும் பொருள் ஒன்றே. வலை வருகின்றதா என்பதுதான் வேற்றுமை. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலோ இதற்கு மற்றொரு வழக்கம் உண்டு. அங்குள்ள மீனவர்கள் கண்டல் மரக் கிளைகளைக் குவித்து மீன் பிடிக்கின்றனர். ஆனால் அக்கிளைகளுக்காகவே கண்டல் மரங்களைத் தாமே நட்டு வளர்க்கின்றனர். ஆகவே ஒரு முறையைப் பெயர் நோக்கித் தடுப்பதா, அதன் பயன் நோக்கித் திருத்துவதா என்பதை இடத்திற்கேற்பவே முடிவு செய்ய வேண்டியிருக்கின்றது.

அடுத்து, பொழியின் செய்தி. மழை குன்றிய மாதங்களில் கடலலை மணலை ஒதுக்கி ஆற்றின் வாயை அடைத்துவிடும். இம்மணல் திட்டு உள்ள முகத்துவாரத்தையே பொழி என்பர். வெள்ளை இறால் முதலியன கடலில் முட்டையிடுகின்றன. நூலினும் மெல்லிய அவற்றின் குஞ்சுகள் வேலியேற்றத்தோடு காயலுக்குள் வந்து, உண்டு கொழுத்து, மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. மடவையும் கொடுவாயும் அவ்வாறே போய்வருவன. வாய் அடைபட்டால் வரவு நின்றுவிடும். மழைக்காலத்தில் வயல்கள் மூழ்கும்போது பொழி வெட்டுவது பண்டைய வழக்கம். ஆனால் வயலுக்காக வெட்டும் நாளும் மீனுக்காக வெட்டவேண்டிய நாளும் எப்போதும் ஒன்றாயிரா. 1958-ஆம் ஆண்டில் நெய்யாற்றில் அணை அமைந்தது. அணையுள்ள ஆறுகளிற் பொதுவாகக் கோடைப் பெருக்குக் குறைந்து, திட்டை உடைக்கும் வலிமை ஆற்றுக்குக் குன்றிவிடும். ஆற்று மணல் அள்ளுதலும் இதனோடு சேர்ந்தால் கரை சரிந்து, அடிமட்டம் தாழ்ந்து, உவர்நீர் உள்ளேறும். கேரளத்தில் மணல் அள்ளுதலை ஒழுங்குபடுத்த 2001-ஆம் ஆண்டில் சட்டம் வந்தமைக்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு வாயைத் திறந்தமையால் ஒரு காயல் முழுதும் உயிர்த்தெழுந்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. ஒரிஸ்ஸாவின் சிலிகா ஏரியில் வண்டல் நிறைந்து, முகத்துவாரம் அடைபட்டு, உவர்ப்புக் குன்றி, களை பரவியது. 1993-ஆம் ஆண்டில் அது ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய வாய் ஒன்று வெட்டப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 1,700 டன் அளவுக்கு வீழ்ந்திருந்த மீன்பிடிப்பு, இரண்டே ஆண்டிற் சுமார் 12,000 டன்னை எட்டியது. 2002-இல் அப்பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. பூவாறு சிலிகாவைப் போற் பெரிதன்று. எனினும் வாய், உவர்ப்பு, குஞ்சு என்னும் வரிசை இரண்டுக்கும் ஒன்றே.

இறுக மூடிய வாயினும் கொடியது அழுகிய தேங்காய் மட்டை. இப்பகுதியார் கதம்பல் என வழங்கும் இம்மட்டையைக் கயிற்று நாருக்காகக் காயலின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுவர். அழுகும்போது அது நீரிலுள்ள பிராணவாயுவை முற்றும் உண்டுவிடும். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு எழும். அங்கே அடித்தரை உயிர்கள் பெரும்பாலும் ஒழிந்துபோகும். ஆயினும் இதனால் பல குடும்பங்கள், முக்கியமாகப் பெண்கள், பிழைக்கின்றனர். ஆகவே தடுப்பது என்பதைக் காட்டிலும், நீரோட்டம் உள்ள இடத்தையும் முட்டையிடும் இடத்தையும் விட்டு, ஊறற் குழிகளை ஒதுக்குப்புறமாக மாற்றுவதே களப்பணியாளரால் செய்யக்கூடியது. இதற்குப் பேச்சு மிகுதியாகவும் சட்டம் குறைவாகவும் வேண்டும்.

உள்நாட்டிலுள்ள பாறசாலைப் பக்கத்துக் குளங்களின் நிலை வேறு. அவற்றை அடைப்பது களை. ஆப்பிரிக்கப் பாயல் எனப்படும் ஸால்வினியா, கேரளத்தில் முதன்முதலில் 1955-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த வேளிக் காயலிற் காணப்பட்டது. பிறகு அது குட்டநாடு முழுதும் பரந்து படகோட்டத்தையே நிறுத்தியது. கையால் அள்ளியும் மருந்து தெளித்தும் பயனில்லாதபோது, அதன் தாயகமாகிய பிரேசில் நாட்டிலிருந்து ஆஸ்திரேலியா வழியாகக் கொணரப்பட்ட ஒரு சிறு கூன்வண்டு 1983-ஆம் ஆண்டை ஒட்டிக் கேரளத்தில் விடப்பட்டது. அவ்வண்டு அப்பாயலைத் தவிர வேறொன்றையும் தின்னாது. சில ஆண்டுகளிற் பெரும்பாலான கால்வாய்கள் திறந்தன. வெளிநாட்டு உயிர் ஒன்றைக் கொணர்ந்து நன்மை கண்ட அரிய நிகழ்ச்சி இது. மறுபுறத்தில், 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்ட திலாப்பியா மீன், குளந்தோறும் புகுந்து பெருகிக் கரிமீனோடு இடத்துக்குப் போட்டியிடுகின்றது. ஆப்பிரிக்கக் கெளிறு அரசாங்கத் தடைக்குப் பின்னரும் மறைவாக வளர்க்கப்படுகின்றது. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தின் வளர்ப்புக் குளங்கள் உடைந்து அயல்நாட்டு மீன்கள் ஆறுகளுட் புகுந்தன. ஆகவே குளத்தில் மீன் குஞ்சு விடுமுன், அது எவ்வினம், பெருக்கில் எங்கே செல்லும் என்னும் இரண்டையும் கேட்டறிதல் களப்பணியாளரின் கடமை.

சட்டத்தின் துணை இல்லாமலில்லை. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்பிடிச் சட்டமே குற்றமாக்கியது. கேரளத்தில் வயல்-ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-இலும், உள்நாட்டு மீன்வளச் சட்டம் 2010-இலும் இயற்றப்பட்டன. சட்டத்தைவிட ஒப்பந்தம் வலிது என்பதற்கு அஷ்டமுடிக் காயல் சான்று. அங்கே மட்டி அள்ளுவோர், முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் அள்ளாதிருக்கத் தாமே உடன்பட்டனர். வலைக்கண்ணின் அளவையும் வரையறுத்துக்கொண்டனர். 2014-ஆம் ஆண்டில் அம்மீன்பிடிப்புக்கு இந்தியாவிலேயே முதன்முதலாகச் சர்வதேசச் சான்று கிடைத்தது. பின்னாளில் அயல்நாட்டுச் சிப்பி ஒன்று அக்காயலில் பரவி மட்டிப் படுகைகளை நெருக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை சீர்செய்த நீர்நிலை மறுமுறையும் பார்வையை வேண்டுகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. நீரின் பிராணவாயு அளவு பிற்பகலில் மிகுந்தும் விடியலுக்குச் சற்று முன்பு மிகக் குறைந்தும் இருக்கும். ஏனெனில் இரவில் பாசியும் அதனை உட்கொள்ளுகின்றது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருத்தல் நலம். 3-க்குக் கீழ் இறங்கினால் மீன் மேற்பரப்பில் வாய் திறந்து தவிக்கும். ஆகவே பகல் பதினொரு மணிக்குச் சென்று அளந்து 'நீர் நன்று' என்று எழுதுவது அலுவலகத்துக்கு ஏற்றதாகலாம், மீனுக்கு ஏற்றதன்று. தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டா. 1865-ஆம் ஆண்டில் இத்தாலியப் பாதிரியார் ஸெக்கி அமைத்த தட்டே போதும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகட்டை நான்காகப் பகுத்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றிப் பூசி, அடியில் ஒரு கனமான பொருள் கட்டி, முடிச்சிட்ட கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். பெயிண்டு டப்பாவின் மூடியே தகடாகும். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மாணவர் பார்த்தால் ஓர் ஆண்டிற் குளத்தின் வரலாறு ஒன்று உருவாகும். அப்பதிவேட்டில் மழை பெய்த நாளையும், கரிமீன் கரையோரம் குழி தோண்டக் கண்ட நாளையும் எழுதச் சொல்லுங்கள்.

அந்த மூங்கிற் கழிகளை மேற்பார்வையாளர் முப்பத்து மூன்றாம் நாள் சென்று பிடுங்கினார். இரண்டு கழிகள் முன்னரே யாராலோ எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. கிளைகளின் இடுக்கில் நகக்கண் அளவுள்ள குஞ்சுகள் கூட்டமாக ஒதுங்கின என்றும், எண்ண முடியவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார்.